தட்டு தொய்யாத புத்தக அலமாரி: ஒரே ப்ளைவுட் ஷீட்டில்

வீட்டிலேயே செய்த புத்தக அலமாரி ஓரிரு வருடத்தில் இரண்டு விதமாகக் கெடும். தட்டுகள் நடுவில் தொய்ந்துவிடும், அல்லது அலமாரி முழுவதும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். இரண்டும் ரம்பத்தைக் கையில் எடுக்கும் முன்பே, அளவு எழுதும் காகிதத்திலேயே முடிவாகிவிடுகிற விஷயங்கள். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

புத்தகம் கனமான பொருள். நெருக்கி அடுக்கினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 30 முதல் 35 கிலோ வரும். பெரிய அகராதிகளும் கலைப் புத்தகங்களும் என்றால் இன்னும் கூடும். இந்தச் சுமையில் தட்டு எவ்வளவு வளையும் என்பதைத் தட்டின் நீளம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு பதினாறு மடங்காகிறது. தட்டும் நீள்கிறது, அதன்மேல் ஏறும் புத்தகமும் கூடுகிறது என்பதால் இந்தப் பெருக்கம். கனத்தின், அதாவது பலகைத் தடிமனின், கணக்கு இதற்கு நேர்மாறு: 18 மி.மீ. பலகைக்குப் பதில் 25 மி.மீ. போட்டால் தொய்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 280 மி.மீ. ஆழமும் 18 மி.மீ. கனமும் உள்ள நல்ல ப்ளைவுட் தட்டு 600 மி.மீ. இடைவெளியில் அரை மி.மீ. அளவுக்கே வளையும். 760 மி.மீ.யில் அது ஒன்றரை மி.மீ. ஆகிறது. ஒரு மீட்டரில் நாலரை மி.மீ.யைத் தாண்டுகிறது. இது புத்தகம் அடுக்கிய அன்றைய கணக்கு மட்டுமே. மரம் சுமையின்கீழ் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். காலப்போக்கில் தொய்வு இரட்டிப்பாகலாம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டில் செய்தால் அதே கனத்தில் இரண்டு மூன்று மடங்கு தொய்யும். கடையில் வாங்கும் மலிவான அலமாரிகள் சிரித்த வாய்போல வளைந்து நிற்பது இதனால்தான்.

இங்கே செய்யப்போகும் அலமாரி 1800 மி.மீ. உயரம், 800 மி.மீ. அகலம், 280 மி.மீ. ஆழம். தட்டு நீளம் 764 மி.மீ. என்பதால் வெறும் ப்ளைவுட் மட்டும் போதாது. ஒவ்வொரு தட்டின் முன் ஓரத்திலும் 38 மி.மீ. உயரமுள்ள மரச்சட்டம் ஒன்றை நிறுத்திவைத்து ஒட்டுகிறோம். அந்த ஒரு சட்டம் தொய்வைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். ப்ளைவுட்டின் அடுக்குகள் தெரியும் ஓரத்தையும் அதுவே மூடிவிடும்.

வாங்க வேண்டியவை

18 மி.மீ. ப்ளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று, அதாவது 2440 × 1220 மி.மீ. முதுகுப் பலகைக்கு 6 மி.மீ. ப்ளைவுட், 796 × 1716 மி.மீ. முன் சட்டத்துக்கு 38 × 18 மி.மீ. நேரான மரச்சட்டம் 2.4 மீட்டரில் இரண்டு; ஒவ்வொன்றிலும் மூன்று துண்டு கிடைக்கும். மரவேலைக்கான வெள்ளைப் பசை அரைக் கிலோ. 4 × 50 மி.மீ. ஸ்க்ரூ ஐம்பது, 3 × 20 மி.மீ. ஸ்க்ரூ நூறு. பக்கப் பலகைகளின் முன் ஓரத்துக்கு இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் ஓரப்பட்டை 4 மீட்டர். சுவருக்கு 5 × 80 மி.மீ. ஸ்க்ரூ நான்கும், அதற்கேற்ற 8 மி.மீ. நைலான் பிளக் நான்கும்.

ஷீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது தரையில் கிடத்தி நான்கு மூலையையும் அழுத்திப் பாருங்கள். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால் அந்த ஷீட் வேண்டாம். முறுக்கு விழுந்த பலகையை எந்த ஸ்க்ரூவும் நிமிர்த்தாது. ஓரங்களை நெருக்கமாகப் பாருங்கள்: உள் அடுக்குகளில் பொந்து தெரிந்தால் ஸ்க்ரூ அங்கே பிடிக்காது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் வெற்றிடம் உள்ள இடத்தில் ஓசை மாறும்.

இன்னொன்று. 18 மி.மீ. என்று விற்கப்படும் ப்ளைவுட் பெரும்பாலும் 18 இருக்காது, 17.2, 17.5 என்று ஏதாவது இருக்கும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் நாலைந்து இடத்தில் அளந்துகொள்ளுங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை, அதே ஷீட்டின் வெட்டுத் துண்டு ஒன்றை அளவுகோலாகப் பயன்படுத்தப் போகிறோம்.

வெட்டும் திட்டம்

ஷீட்டை முதலில் நீளவாக்கில் கீற்றுகளாக்க வேண்டும். 280 மி.மீ. அகலத்தில் இரண்டு, 262 மி.மீ. அகலத்தில் இரண்டு, 80 மி.மீ. அகலத்தில் ஒன்று. ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. தின்றுவிடும், அதைச் சேர்த்தாலும் கடைசியில் 40 மி.மீ. அளவுக்குக் கழிவு மிஞ்சும். அளவுகளை எல்லாம் முன்கூட்டியே வரிசையாகக் கோடு போட்டுவிட்டு வெட்டினால், இந்த 3 மி.மீ. ஒவ்வொரு துண்டிலும் குறைந்துகொண்டே போகும். ஒரு கோடு போடுங்கள், வெட்டுங்கள், பிறகு அடுத்த கோடு.

280 கீற்றுகளிலிருந்து 1800 மி.மீ. பக்கப் பலகை இரண்டு. 262 கீற்று ஒவ்வொன்றிலும் 776 மி.மீ. துண்டு மூன்று, ஆக மேல் பலகை, அடித்தட்டு, நடுத்தட்டு நான்கு. 80 கீற்றிலிருந்து 764 மி.மீ. துண்டு மூன்று: ஒன்று அடியில் முன்பக்கம் நிற்கும் பட்டை, மற்ற இரண்டும் சுவரில் பிடிக்கும் தாங்கு சட்டங்கள். இப்படி வெட்டினால் மேல் அடுக்கின் இழை ஓட்டம் எல்லாத் தட்டுகளிலும் நீளவாக்கில் அமையும். திசை மாற்றி வெட்டிய தட்டு அதே கனத்தில் கூடுதலாகத் தொய்யும் என்பதால் இதில் சமரசம் வேண்டாம்.

கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பமாக இருந்தால் நல்ல முகம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். அதன் பற்கள் கீழிருந்து மேலாக வெட்டி வெளியேறுவதால், சிலாம்பு பெயர்வது மேல் முகத்தில்தான். கைரம்பத்துக்கு நேர்மாறு: நல்ல முகம் மேலே. வெட்டுக்கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேலேயே கோடு போட்டு வெட்டினால் சிலாம்பு இன்னும் குறையும். பிளேடு பலகைக்குக் கீழே 5 மி.மீ. மட்டும் நீட்டினால் போதும். ஷீட்டின் அடியில் நான்கு மரக்கட்டை வையுங்கள், வெட்டுக்கோட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டாக. ஒரு பக்கம் தொங்கினால் வெட்டு முடியும் தறுவாயில் பிளேடு இறுகி, ரம்பம் உங்களை நோக்கி உதைக்கும். கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் வெட்டத் தொடங்காதீர்கள். ப்ளைவுட் தூசியில் பசையின் துகளும் இருக்கிறது.

நேராக வெட்ட, ரம்பத்தின் அடித்தகட்டு ஓரத்துக்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்தை ஒருமுறை துல்லியமாக அளந்துகொண்டு, அந்தத் தூரத்தில் நேரான சட்டம் ஒன்றை கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) போட்டுப் பிடித்து அதை ஒட்டியே ஓட்டுங்கள். இவ்வளவு நீள வெட்டுக்கு இடமோ கருவியோ இல்லாவிட்டால், கீற்றுகளை மட்டும் ப்ளைவுட் விற்கும் இடத்திலோ தச்சுப் பட்டறையிலோ வெட்டி வாங்கிக்கொண்டு, குறுக்கு வெட்டுகளை வீட்டில் செய்யலாம். வெட்டி வந்த அளவை நம்பாமல் ஒவ்வொன்றையும் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு பக்கப் பலகைகளும் ஒரே உயரம் என்பது 1800 என்ற எண்ணைவிட முக்கியம்.

காடி எடுத்தல்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தட்டுகளை வெறும் ஸ்க்ரூவால் பக்கப் பலகையில் முட்டவைத்துப் பிடித்தால், முழுச் சுமையும் ப்ளைவுட்டின் ஓரத்தில் ஏறிய ஸ்க்ரூக்களில் தொங்கும். ப்ளைவுட் ஓரம் ஸ்க்ரூவை அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது. பக்கப் பலகையில் 6 மி.மீ. ஆழத்துக்குக் காடி, அதாவது குறுக்கே ஓடும் பள்ளம், எடுத்து அதில் தட்டின் முனையை உட்காரவைத்தால், புத்தகச் சுமை காடியின் விளிம்பில் இறங்கிப் பலகை வழியாகத் தரைக்குப் போய்விடும். ஸ்க்ரூவின் வேலை பசை காயும்வரை இழுத்துப் பிடிப்பது மட்டும்தான். 18 மி.மீ. பலகையில் ஆழம் 6 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பக்கப் பலகை அந்த இடத்தில் பலவீனமாகும்.

காடியின் கீழ்க்கோடுகள் தரையிலிருந்து இப்படி வரும்: அடித்தட்டு 80, பிறகு 478, 836, 1174, 1482 மி.மீ. மேல் பலகைக்கான வெட்டு 1782இல் தொடங்கி நுனிவரை. மேல் பலகை மட்டும் நுனியிலிருந்து கீழ்நோக்கி, உங்கள் ப்ளைவுட்டின் உண்மையான கனத்துக்குக் குறிக்கப்பட வேண்டும். முன் சட்டம் தொங்கும் 20 மி.மீ. போக, புத்தகம் நுழையும் உயரம் கீழிருந்து மேலாக 360, 320, 300, 270, 262 மி.மீ. கிடைக்கும். நிறுத்திவைத்த ஏ4 தாளின் உயரம் 297 என்பதால் கோப்புகள் கீழ் இரண்டு அறைகளுக்கு, கையடக்கப் புத்தகங்கள் மேலே. உங்களிடம் உள்ள புத்தகங்களை அளந்துவிட்டு இந்த எண்களை மாற்றிக்கொள்வது நல்லது. கனமானவை கீழே இருக்கட்டும்.

இரண்டு பக்கப் பலகைகளையும் உள்முகம் மேலாக, பின் ஓரங்கள் ஒன்றையொன்று தொடும்படி மேசையில் அருகருகே கிடத்துங்கள். அடிமுனைகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று மூலைமட்டத்தால் பார்த்து, நகராமல் கிளாம்ப் போடுங்கள். இனி ஒரே ஓட்டத்தில் இரண்டிலும் காடி விழும். இடப்பலகையும் வலப்பலகையும் கண்ணாடிப் பிம்பமாக அமையும், மட்டம் மாற வழியே இல்லை. தனித்தனியாக அளந்து எடுத்த காடிகளில் 1 மி.மீ. வித்தியாசம் சர்வசாதாரணமாக வரும். பிறகு ஒவ்வொரு தட்டும் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். காடி முன் ஓரம்வரை போகக் கூடாது. இருபுறமும் முன் ஓரத்துக்கு 18 மி.மீ. முன்பே நிறுத்த வேண்டும், அந்த இடத்தை முன் சட்டம் மூடும்.

காடியின் அகலத்தைக் குறிக்க டேப்பை எடுக்காதீர்கள். கீழ்க்கோட்டில் ப்ளைவுட் துண்டை நிறுத்திவைத்து, கூரான கத்தியால் அதன் மறுபக்கத்தைக் கீறுங்கள். ரூட்டரில் (மரத்தில் பள்ளம் குடையும் சுழல் கருவி) 12 மி.மீ. நேர்பிட் மாட்டி இரண்டு ஓட்டத்தில் அகலத்தை எட்டுவதுதான் சரி. 18 மி.மீ. பிட்டில் ஒரே ஓட்டமாகப் போனால் 17.3 மி.மீ. பலகை காடிக்குள் லொடலொடவென்று ஆடும். உங்களை விட்டு விலகும் திசையில் தள்ளும்போது ரூட்டர் இடப்பக்கம் இழுக்கும். ஆகவே வழிகாட்டிச் சட்டம் இடப்பக்கம் இருக்கட்டும். முதலில் வலப்பக்கக் கோட்டை ஒட்டி வெட்டுங்கள், பிறகு சட்டத்தை இடப்புறம் நகர்த்தி மீதியை எடுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டாவது ஓட்டத்தில் பிட் பலகையின்மேல் ஏறி ஓடப் பார்க்கும். ஆழத்தை ஒரே மூச்சில் எடுக்காமல் 3 மி.மீ., மறுபடி 3 மி.மீ. என்று இறக்குங்கள். காடி நிற்கும் முனை வட்டமாக இருக்கும், அதை உளியால் சதுரமாக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன் கழிவுத் துண்டில் ஒரு காடி எடுத்துத் தட்டின் முனையைச் செருகிப் பாருங்கள். கையால் அழுத்தினால் போய், தலைகீழாகத் தூக்கினால் விழாமல் நின்றால் சரியான பிடி. சுத்தியலால் அடித்துத்தான் இறங்குகிறது என்றால் பசை பட்டதும் மரம் ஊறி, நடுவழியில் சிக்கிக்கொள்ளும்.

ரூட்டர் இல்லாதவர்கள் கைரம்பத்தால் இரண்டு கோட்டையும் 6 மி.மீ. ஆழத்துக்கு அறுத்து நடுவை உளியால் எடுக்கலாம். மெதுவான வேலை, ஆனால் நன்றாகவே வரும். அதுவும் முடியாதென்றால் ஒவ்வொரு தட்டின் கீழும் பக்கப் பலகையில் 18 × 25 மி.மீ. மரக்கட்டையைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்தி, தட்டை அதன்மேல் உட்காரவையுங்கள். அப்போது தட்டின் நீளம் 776க்குப் பதில் 764.

பூட்டுதல்

உள்முகங்கள் அனைத்தையும் 120, பிறகு 180 எண் உப்புத்தாளால் இப்போதே தேய்த்துவிடுங்கள். பூட்டிய பிறகு மூலைகளுக்குள் கை போகாது. ப்ளைவுட்டின் மேல்தோல் மிக மெல்லியது, மெஷினால் ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் அடுத்த அடுக்கு தெரிந்துவிடும். பக்கப் பலகைகளின் முன் ஓரத்தில் ஓரப்பட்டையையும் இந்தக் கட்டத்திலேயே ஒட்டிவிடலாம்.

பிறகு பசையில்லாமல் முழுவதையும் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பசை வழியும் கையோடு ரம்பத்தைத் தேடுவார்கள். பூட்டிய நிலையில் பக்கப் பலகைகளுக்கு இடையிலான உண்மையான தூரத்தை அளந்து, தாங்கு சட்டங்களையும் முன் சட்டங்களையும் அந்த அளவுக்கு வெட்டுங்கள். ப்ளைவுட் 18க்குக் குறைவு என்றால் இது 764இலிருந்து சற்றே மாறியிருக்கும்.

வெள்ளைப் பசை 5 முதல் 10 நிமிடத்தில் தோல் கட்டத் தொடங்கிவிடும், வெயில் நாளில் இன்னும் சீக்கிரம். பன்னிரண்டு இணைப்புக்கும் ஒரேயடியாகப் பசை பூசினால் கடைசி இணைப்புக்கு வரும்போது முதலாவது காய்ந்திருக்கும். ஒரு பக்கப் பலகையைத் தரையில் கிடத்தி, அதன் ஆறு காடிகளிலும் பூசித் தட்டுகளை நிறுத்துங்கள். பிறகு மேல்முனைகளிலும் மறு பலகையின் காடிகளிலும் பூசி மூடுங்கள். இன்னொருவர் கை இருந்தால் இந்த இடம் எளிது. வெளிப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று ஸ்க்ரூ. பக்கப் பலகையில் 4 மி.மீ. துளை, தட்டின் ஓரத்தில் 2.5 மி.மீ. முன்துளை. முன்துளை போடாமல் ஏற்றினால் ஸ்க்ரூ அடுக்குகளுக்கு நடுவே ஆப்பாக நுழைந்து ப்ளைவுட்டைப் பிளந்துவிடும். ஸ்க்ரூத் தலை உள்ளே அமிழும்படி துளையின் வாயைக் கூம்பாக அகட்டிக்கொண்டால், பிறகு மரத்தூளும் பசையும் குழைத்து மூடலாம்.

பசை இறுகும் முன் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். 1800க்கு 800 என்றால் இரண்டும் ஏறக்குறைய 1970 மி.மீ. வர வேண்டும். எண்ணைவிட, இரண்டும் சமமாக இருப்பதே முக்கியம். ஒன்று நீளமாக இருந்தால், அந்த மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நீள கிளாம்ப் போட்டோ கயிற்றை முறுக்கியோ மெல்ல இறுக்கிச் சமமாக்குங்கள். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். காய்ந்த பசை உள்ள இடத்தில் வார்னிஷ் இறங்காமல் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

தாங்கு சட்டம் ஒன்று மேல் பலகையின் அடியிலும், மற்றொன்று கீழிருந்து நான்காவதாக உள்ள, 1174 உயரத் தட்டின் அடியிலும், பின் ஓரத்தோடு சமமாக வரும். தட்டோடும் பக்கப் பலகையோடும் ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள். அடிப்பட்டை, முன் ஓரத்திலிருந்து 50 மி.மீ. உள்ளே தள்ளி, கால் விரல் இடிக்காத இடத்தில்.

முன் சட்டங்களை ஒட்டும்போது மேல் விளிம்பு தட்டோடு சமமாகவோ, முடி அளவு தூக்கலாகவோ இருக்கட்டும். காய்ந்தபின் இழைப்புளியால் ஒரு இழு இழுத்தால் சமமாகிவிடும். தாழ்ந்துபோனால் சரிசெய்ய வழியில்லை. 200 மி.மீ.க்கு ஒரு கிளாம்ப் வீதம், முன்னும் பின்னுமாக. ஒரு மணி நேரத்தில் கிளாம்பை எடுக்கலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குச் சுமை ஏற்றக் கூடாது.

முதுகுப் பலகை

பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று இதை விட்டுவிடுகிறார்கள். அலமாரி பக்கவாட்டில் ஆடாமல் நிற்பதே இந்த 6 மி.மீ. பலகையால்தான். நான்கு சட்டம் மட்டும் உள்ள செவ்வகம் சாய்சதுரமாகச் சரியும்; அதன்மேல் ஒரு தகடு பொருத்திவிட்டால் சரிய முடியாது. மூலைவிட்டங்களை மறுபடி சரிபார்த்துவிட்டு, சுற்றிலும் 150 மி.மீ.க்கு ஒரு 3 × 20 ஸ்க்ரூ வீதம் போடுங்கள். நடுத்தட்டுகளின் பின் ஓரத்திலும் அதே இடைவெளி. அப்போது தட்டு பின்பக்கம் முழு நீளத்துக்கும் தாங்கப்படும், முன்பக்கத்தைச் சட்டம் தாங்கும்.

பூச்சு

220 எண் தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கை. முதல் கையைக் கொஞ்சம் தின்னர் கலந்து நீர்க்க அடித்தால் மரத்துக்குள் இறங்கும். ஒவ்வொரு கைக்கும் நடுவே காயவிட்டு 320 எண் தாளால் லேசாகத் தடவுங்கள். தட்டின் மேல்முகத்துக்கு மட்டும் அடித்து அடிமுகத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு முகம் ஈரத்தை உறிஞ்ச, மறு முகம் உறிஞ்சாமல் இருந்தால் பலகை குழிந்துபோகும். ஆளிவிதை எண்ணெய் போன்ற எண்ணெய்ப் பூச்சைப் பயன்படுத்தினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

சுவரில் பிடித்தல்

நிரம்பிய அலமாரியில் 115 முதல் 135 கிலோ வரை புத்தகம் இருக்கும். ஒரு குழந்தை தட்டுகளில் கால் வைத்து ஏறினால் முன்னால் சாய்ந்துவிடலாம். புத்தகம் அடுக்கும் முன்பே சுவரில் பிடித்துவிடுங்கள்.

ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தரை சரிவாக இருந்தால் பக்கப் பலகையின் அடியில் மெல்லிய ஆப்பு கொடுங்கள். சுவரின் அடியில் பட்டை ஓடு இருந்தால் அலமாரி அந்த அளவுக்கு விலகி நிற்கும். ஸ்க்ரூ வரும் இடத்தில் அதே கனத்துக்கு மரத்துண்டு வைத்து இடைவெளியை அடைத்துவிடுங்கள். வெறும் இடைவெளியில் ஸ்க்ரூவை இறுக்கினால் முதுகு வளைந்து தட்டுகள் கோணும். துண்டின் கனத்துக்கு ஏற்ப ஸ்க்ரூ நீளத்தையும் கூட்ட வேண்டும்.

தாங்கு சட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டு துளை, பக்கப் பலகையிலிருந்து 100 மி.மீ. தள்ளி. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளையிடாதீர்கள், ஒயர் ஓடுவது பெரும்பாலும் அந்த வழியில்தான். செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் 8 மி.மீ. பிட்டால் 65 மி.மீ. ஆழம் போட்டு, உள்ளே உள்ள தூசியை ஊதி எடுத்துவிட்டு பிளக்கைச் செருகுங்கள். தூசி இருந்தால் பிளக் முழுதாக இறங்காது. 80 மி.மீ. ஸ்க்ரூவில் 24 மி.மீ. சட்டத்துக்கும் முதுகுப் பலகைக்கும் போகும், 15 மி.மீ. அளவு சுவர்ப் பூச்சுக்குப் போகும். மீதி 40 மி.மீ.தான் செங்கல்லைப் பிடிக்கிறது. குட்டை ஸ்க்ரூ பூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும், இழுத்தால் பெயர்ந்து வரும். உள்ளே வெற்றிடமுள்ள பிளாக் சுவருக்கு அதற்கென்று உள்ள பிளக்கும், பலகை அடித்த தடுப்புச் சுவருக்கு உள்ளே நிற்கும் சட்டத்தில் நேராக ஏறும் ஸ்க்ரூவும் வேண்டும்.

ஒரு வாரம் கழித்து நான்கு ஸ்க்ரூவையும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.